நான் விழுங்கிய ‘டு’

செப்டம்பர் 9, செவ்வாய்

இங்கிலீஷ் தேர்வுத்தாள் வந்துவிட்டது. மதிப்பெண் மோசமில்லை. ஆனால் டீச்சர் என் தாளை மட்டும் உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். I enjoy to read.

“என்ஜாய் டு ரீடா? இந்த ‘டு’வை யார் கூப்பிட்டா? அழைக்காத கல்யாணத்துக்கு வந்த ஆள் மாதிரி நடுவுல நிக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட் என்றால் பின்னால் -ing வர வேண்டுமாம். வான்ட், ஹோப், டிசைட் என்றால் to. ஏன் என்று கேட்டால் “அது அப்படித்தான்”. தமிழ் வகுப்பிலும் இதே கதைதான் ஓடுகிறது. படித்தல் தொழிற்பெயர், படிக்க வினையெச்சம். ஆனால் தமிழில் நான் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லையே. ‘எனக்குப் படித்தல் வேண்டும்போல் இருக்கிறது’ என்று யாராவது சொல்வார்களா?

என் பக்கத்தில் உட்காருகிற நெட்டை ஒரு வழி சொன்னாள். (அவள் எழுந்து நின்றால் பின்வரிசைக்குக் கரும்பலகை தெரியாது.) “டவுட் வந்தா ‘இங்’ போட்டுடு. பாதி நேரம் தப்பிச்சிடுவே.”

இதைக் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தி எங்களோடு தங்க வந்ததிலிருந்து என் பை, என் அலமாரி, என் தலையணை எல்லாம் பொதுச்சொத்து. குழாயைச் சொட்டவிட்டிருக்கிறேன், பேனாச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. பேனாவுக்குச் சத்தம் ஏது? ஆனாலும் சொட்டட்டும்.

செப்டம்பர் 10, புதன்

அம்மா வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு குழந்தை விழுந்துவிட்டது. சுருள்முடி என்று அம்மா அடிக்கடி சொல்வாளே, அந்தக் குழந்தை. சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து, சறுக்குகிற பக்கமாக இல்லை, பின்பக்கமாக. கை முறிந்துவிட்டது.

அம்மாவுக்கு அங்கே துணி துவைக்கிற வேலை. குழந்தைகள் தூங்கும் விரிப்புகள், துண்டுகள், நனைந்த உடுப்புகள். வெளியே குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது விளையாட்டு மிஸ்ஸின் வேலை.

“வாளியைத் தூக்கிக்கிட்டு கொடிப் பக்கம் போய்க்கிட்டு இருந்தேன். அந்த மிஸ்ஸைக் காணோம். புள்ளைங்க மட்டும் தனியா. எனக்கு அப்படியே போக மனசு வரல. பார்க்க நின்னேன். அது மேல ஏறிடுச்சு. நான் வாளியைப் போட்டுட்டு ஓடறதுக்குள்ள...”

தன் இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள், உடைந்தது அவள் கை மாதிரி.

சித்தி சும்மா இருக்கவில்லை. “துணி துவைக்கப் போனா துணியைத் துவைச்சுட்டு வரணும்க்கா. நின்னு வேடிக்கை பார்க்கச் சொல்லி யாரு உனக்கு வேலை குடுத்தா?”

“வேடிக்கை பார்க்கலடி. பார்க்க நின்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல” என்றாள் அம்மா.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று நான் முக்கியமான ஆள்.

காப்பகத்தை நடத்தும் பெரிய மேடத்துக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இங்கிலீஷில் ‘குட் மார்னிங்’கும் ‘சோப் ஃபினிஷ்’ஷும்தான் தெரியும். வழக்கமாகச் சமையல்கார அக்கா நடுவில் நின்று சொல்வார். அவர் இன்று விடுப்பு. அதனால் அம்மா பள்ளிக்கூட வாசலுக்கே வந்து என்னைச் சீருடையோடு அழைத்துப் போனாள்.

மேடத்தின் அறையில் பெரியவர்கள் உட்கார நாற்காலிகள் குறைவு. எனக்குக் குழந்தைகள் நாற்காலி கிடைத்தது. முழங்கால் மோவாயில் முட்டியது. மேசைக்கு அடியில் ஒரு கூடை நிறைய ஒற்றைக் காலுறைகள். விளையாட்டு மிஸ் சுவரோரம் நின்றார். ‘ஒரு அவசரப் போன். உள்ளே போகும்போது ஆயாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனேன்’ என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். ஆயா என்றால் அம்மாதான்.

அம்மா சொன்னாள்: “என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. நானாத்தான் பார்க்க நின்னேன்.”

நான் எழுந்து நின்று சொன்னேன். Nobody told her. She stopped to watch the children.

மேடம் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். “Stopped watching?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அழைக்காத கல்யாணம் ஞாபகம் வந்தது. இங்கேயும் அந்த ‘டு’வைத் தப்பாகக் கூட்டி வந்துவிட்டேன்போல. நெட்டை சொன்னதும் ஞாபகம் வந்தது. “Yes, madam. Watching” என்றேன். மேடம் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். டீச்சர் மாதிரி எல்லார் முன்னாலும் சிரிக்கவில்லை. நல்லவர்.

வரும் வழியில் அம்மா கேட்டாள், “எல்லாம் நல்லாச் சொன்னியா?”

“நல்லாச் சொன்னேம்மா.”

என் கன்னத்தைத் தொட்டாள். அவள் விரலில் காப்பகத்துச் சோப்பு வாசனை.

செப்டம்பர் 12, வெள்ளி

அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி குழந்தையைப் பெற்றவர்களை வைத்துக்கொண்டு பேசுவார்களாம். அன்றைக்கு வந்தால் போதுமாம்.

ஏன்? அம்மா உண்மையைத்தானே சொன்னாள்?

லாரியில் போயிருக்கும் அப்பாவிடம் போனில் எதையும் சொல்லக் கூடாது என்று அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். “ஓட்டுற மனுஷன் ரோட்டைப் பார்க்கட்டும்.”

செப்டம்பர் 15, திங்கள்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

இன்று டீச்சர் கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினார்.

He stopped to smoke.
He stopped smoking.

“ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்டார். ஒன்றுதான் என்று பாதி வகுப்பு கத்தியது. நானும் கத்தினேன்.

“முதல் ஆள் சிகரெட் பிடிக்க நின்னான். ரெண்டாவது ஆள் சிகரெட் பிடிக்கிறதையே நிறுத்திட்டான். முதல் ஆளுக்கு இருமல். ரெண்டாவது ஆள் பொண்டாட்டிக்குச் சந்தோஷம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டை என் தோளில் தட்டிச் சிரித்தாள். எனக்குக் கரும்பலகை தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

She stopped watching the children.

பார்க்க நின்னாங்க இல்லை. பார்க்கிறதை நிறுத்திட்டாங்க.

நான்தான் சொன்னேன். என் வாயால். எழுந்து நின்று, சீருடையோடு.

அப்படியென்றால் அம்மா அதற்கு முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தாள் என்று ஆகிறது. மிஸ் சொல்லிவிட்டுத்தான் போனார் என்று ஆகிறது. ‘யாரும் எதுவும் சொல்லவில்லை’ என்று அம்மா சொன்னது பொய் என்று ஆகிறது. பார்க்கச் சொன்ன வேலையைப் பாதியில் விட்டாள், குழந்தை விழுந்தது. எல்லாம் ஒரே வாக்கியத்தில்.

ஆனால் நான் முதலில் சரியாகத்தானே சொன்னேன்? to போட்டேனே? இப்போது குளியலறையில் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஸ்டாப்டு டு வாட்ச். ஸ்டாப்டு. டு. ஸ்டாப்டுவிலேயே ஒரு டு இருக்கிறது. அடுத்த டுவுக்கு வரும்போது, அதான் சொல்லியாச்சே என்று என் நாக்கு படுத்துக்கொள்கிறது. பத்துத் தடவை சொன்னால் எட்டுத் தடவை ‘ஸ்டாப்டு வாட்ச்’ என்றுதான் வருகிறது. அன்றைக்கும் அப்படித்தான் வந்திருக்கும். விழுங்கியிருக்கிறேன்.

மேடம் என்னைத் திருத்தவில்லை. கேட்டார். புரியாமல் கேட்டார். நான் ஆமாம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

அம்மாவுக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. போர்வை, தலையணை உறை, சன்னல் திரை என்று எல்லாவற்றையும் துவைத்துவிட்டாள். சித்தி தன் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நேரத்துல என்னையும் ஊற வெச்சிடுவா போல” என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் சமையல்கார அக்கா போன் செய்தார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது. வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“பார்க்கறதை விட்டுட்டேன்னு நானே ஒத்துக்கிட்டேனாம். அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்களாம். நீ என்ன சொன்னே?”

“நீ சொன்னதைத்தாம்மா சொன்னேன்.”

“பார்க்க நின்னேன்னு?”

“ஆமாம்மா.”

“அப்போ அந்தப் பொம்பள மாத்தி எழுதியிருக்கா. என் வாய்ல இல்லாததை எழுதியிருக்கா. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுதானே?”

நான் வாயைத் திறக்கவே இல்லை. என்னடி இப்படி இருக்கே. என்ன மனுஷி நீ.

செப்டம்பர் 18, வியாழன்

பள்ளி விட்டதும் காப்பகத்துக்குத் தனியாகப் போனேன். மேடத்திடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று. பஸ்ஸில் வாக்கியத்தைத் தயார் செய்தேன். I want to tell. வான்ட்டுக்கு to, சரி. I want to tell that my mother did not stop... இங்கேயே நின்றுவிட்டது. did not stop to watch என்றால் பார்க்க நிற்கவே இல்லை என்று ஆகிவிடும். did not stop watching என்றால் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று ஆகிவிடும், அதுவும் மிஸ் சொன்னதையே உறுதி செய்யும். ‘இல்லை’ என்று ஒன்றைச் சேர்த்தால் எந்தப் பக்கம் கவிழும் என்று தெரியவில்லை.

வாசற்கதவு வரைக்கும் போனேன். காவலாளி, “யாரைப் பார்க்கணும் பாப்பா?” என்றார்.

“யாரையும் இல்லண்ணா. சும்மா நின்னேன்.”

கம்பி வழியாகச் சறுக்குமரம் தெரிந்தது. பின்பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள். கொடியில் விரிப்புகளை யாரோ ஓரம் இழுக்காமல் சுருக்கத்தோடு காயப்போட்டிருந்தார்கள். அம்மா பார்த்தால் தாங்கமாட்டாள்.

திரும்பி வந்துவிட்டேன்.

Afraid to speak என்றும் சொல்லலாமாம், afraid of speaking என்றும் சொல்லலாமாம். இன்று வகுப்பில் சொன்னார்கள். எதைச் சொன்னாலும் ஒன்று தப்பாகப் போகிற பாஷையில், பயத்துக்கு மட்டும் இரண்டு கதவும் திறந்திருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

நெட்டையிடம் சொன்னேன். அவளுடைய ‘இங்’ யோசனையால் வந்த வினை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் சொன்னாள், “நீ சொல்லாட்டி யாருக்குடி தெரியும்? அந்த மேடம்தான் தப்பா எழுதிட்டாங்கன்னு இருக்கட்டும்.”

இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 20, சனி

நன்றாக இல்லை.

மத்தியானம் அம்மா மாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, “நான் கொடிப் பக்கம் திரும்பிட்டேனோ?” என்றாள்.

“எப்பம்மா?”

“அன்னிக்குத்தான். பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்னு நினைச்சேன். அவங்க எல்லாரும் சொல்றதைப் பார்த்தா, நடுவுல ஒரு நிமிஷம் கொடியைத் திரும்பிப் பார்த்திருப்பேனோ? அந்த நிமிஷத்துலதான் அது ஏறிச்சோ? எனக்கு இப்ப சரியா ஞாபகம் வர மாட்டேங்குது.”

துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டு காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் பிழிந்தாள்.

அம்மாவின் ஞாபகத்துக்குள்ளேயே என் தப்பு போய் உட்கார்ந்துகொண்டது. அவள் பார்த்ததைக்கூட மாற்றுகிறது.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் இந்தப் பக்கத்தைச் சித்தி கையில் நானே கொடுத்துவிடுகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா என் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் மாற்றவில்லை, நான்தான், ஒரு ‘டு’வை விழுங்கிவிட்டேன், அவர் கேட்டதற்கு ஆமாம் போட்டுவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்தே எனக்குத் தெரியும்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஒரு டுவா?”

“ஒரு டும்மா.”

“கொசு அளவுகூட இல்லையேடி அது.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை.

“தப்பாச் சொன்னது இருக்கட்டும். பாஷை தெரியாமச் சொன்னே. நேத்து மாடியில நான் கேட்டப்போகூட வாயைத் திறக்காம துணியை மடிச்சுக்கிட்டு இருந்தே பாரு. என்னையே நான் சந்தேகப்பட்டேன்டி. அந்தக் குழந்தை கையை நானே உடைச்சுட்ட மாதிரி...”

முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். சட்டை பாதிதான் இஸ்திரி ஆகியிருந்தது. நான் பெட்டியை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“சொல்லிக் குடு.”

“என்னம்மா?”

“அந்த வரியை. நாளைக்கு நானே சொல்றேன். நீயும் வேண்டாம், சமையல்காரியும் வேண்டாம்.”

சொல்லிக் கொடுத்தேன். ஐ ஸ்டாப்டு டு வாட்ச். அம்மாவுக்கும் அதே இடத்தில் அதே டு விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்டாப்டு என்று சொல்லிவிட்டு வாயை மூடினாள். காலால் தரையை ஒரு தட்டுத் தட்டி ‘டு’ என்றாள். பிறகு வாட்ச்.

அடுத்த அறையிலிருந்து சித்தி கேட்டாள், “வீட்டுக்குள்ள என்ன, புறா புகுந்துடுச்சா? டூ டூன்னு சத்தம் வருது.”

அம்மா என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை சத்தமாகவே தரையைத் தட்டினாள்.

செப்டம்பர் 22, திங்கள்

சுருள்முடி வந்திருந்தாள். மாவுக்கட்டு அவள் கையைவிடப் பெரியது. அதை மேசைமேல் டொக் டொக்கென்று தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையையே தூக்கிக் காட்டினாள். அம்மாவுக்கு உதடு கோணியது. பெற்றவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அம்மாவைப் பார்க்கவில்லை.

மேடம் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். சமையல்கார அக்கா தமிழில் சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“I stopped.”

எல்லோரும் நிமிர்ந்தார்கள். அம்மா வாயை மூடினாள். காலைத் தூக்கித் தட்டினாள். நன்றாகக் கேட்கிற மாதிரி.

“To. Watch.”

சுருள்முடி இதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்து மாவுக்கட்டால் மேசையைத் தட்டினாள்.

மேடம் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அன்றைக்கு நீ watching என்றுதானே சொன்னாய் என்று கேட்டார். ஃபர்காட். ஃபர்காட்டுக்கு எது? Forgot saying என்றால் சொன்னேன், சொன்னது மறந்துவிட்டது. Forgot to say என்றால் சொல்ல மறந்தேன். சொல்லவில்லை. விழுங்கினேன். இரண்டாவதுதான். இரண்டாவதேதான்.

“Madam, I forgot to say ‘to’” என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தான் எழுதிய தாளைத் திரும்ப ஒரு முறை வாசித்தார். பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றினார். பிறகு விளையாட்டு மிஸ் பக்கம் திரும்பி, “ஆயாவிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனேன் என்றாயே, எந்தப் பாஷையில் சொன்னாய்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

மிஸ்ஸுக்கும் தமிழ் தெரியாது. இவ்வளவு நாளும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

மிஸ் மேசைக்கு அடியிலிருந்த காலுறைக் கூடையைப் பார்த்தார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். அப்புறம் போகச் சொன்னார்கள். முடிவைப் போனில் சொல்வார்களாம்.

செப்டம்பர் 24, புதன்

போன் வரவில்லை. சித்தி போனைத் தொட்டாலே அம்மா முறைக்கிறாள்.

செப்டம்பர் 25, வியாழன்

வந்தது. சமையல்கார அக்கா பேசினார். அம்மா, “சரி... சரி... சரிங்க” என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டுச் சித்தியிடம், “அந்தப் பழைய செருப்பை எங்க வெச்சே? ஈரத்துல அதுதான் வழுக்காது” என்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

அப்பா நாளைக்கு வருகிறார். எல்லாவற்றையும் இனிமேல்தான் அவரிடம் சொல்ல வேண்டும். சித்தி முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

காப்பகத்தில் புதிதாக ஒரு விதி. துவைக்கிற ஆயா விளையாடும் இடத்தில் நிற்கக் கூடாது. அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாளாம். ஆனால் தினமும் கொடிக்குப் போகிற வழியில் சறுக்குமரத்துக்கு நேராக வாளியை இறக்கி வைக்கிறாளாம், சமையல்கார அக்கா சொல்லிச் சிரித்தார். கேட்டேன்.

“நான் எங்கடி நின்னேன்? வாளி கனமா இருக்கு. கை மாத்திக்க வேண்டாமா?”

இன்று டீச்சர் -ing-உம் to-வும் இரண்டும் வருகிற மாதிரி ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னார். நெட்டை புத்தகத்தில் இருந்ததை எழுதினாள். நான் எழுதினேன்: My mother has not stopped stopping to watch.

டீச்சர் பேனாவைப் பக்கத்தின்மேல் பிடித்துக்கொண்டே நின்றார்.

“ரெண்டு ஸ்டாப் எதுக்கு?”

“ரெண்டும் வேணும் டீச்சர். எங்கம்மா பார்க்க நிக்கிறதை இன்னும் நிறுத்தல.”

உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தாளில் எதையும் சுழிக்கவில்லை. அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

குழாய் சொட்டவில்லை. அதை மூடிவிட்டுத்தான் எழுதுகிறேன்.